பிங் போகிற பாதையில் மல்டிகாஸ்ட் ஏன் போகவில்லை?

"ரவுட்டரில் மல்டிகாஸ்ட் ரவுட்டிங் போடுவதற்கான கட்டளைகளைத் தாருங்கள்" என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கீழே நீங்கள் எழுதியிருக்கிற விவரத்தில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. திருகோணமலை உவர்மலையில் ஒரு டியூட்டரி. முன் மண்டபத்தில் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பு நடக்கிறது. இடம் போதாமல் பின் கட்டடத்தில் நாலு அறைகளில் டிவி வைத்துப் பிள்ளைகளை இருத்தியிருக்கிறீர்கள். கமராவின் படத்தை ஒரு என்கோடர் (படத்தை வலையில் போகிற தரவாக மாற்றும் பெட்டி) 239.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு, அதாவது ஒரே ஓட்டத்தைக் கேட்கிறவர்கள் எல்லாரும் பெறும் குழு முகவரிக்கு, அனுப்புகிறது. முன் கட்டடத்து 192.168.10 வலையில் எந்தக் கணினியிலும் படம் ஓடுகிறது. பின் கட்டடத்து 192.168.20 வலையில் கறுப்புத் திரை. இரண்டு பக்கமும் மைக்ரோடிக் ரவுட்டர், இரண்டுக்கும் இடையில் பிங் (இணைப்புச் சோதனை) போகிறது, பின் கட்டடத்துக்குத் தனி இன்டர்நெட் இணைப்பும் உண்டு. ஆகக் கேள்வி இதுதான்: பிங் போகிற பாதையில் படம் ஏன் போகவில்லை?

நான் திருகோணமலையிலும் சுற்று வட்டாரத்திலும் விடுதிகள், பாடசாலைகள், அலுவலகங்களுக்கு வலையமைப்புப் போட்டுக்கொடுக்கிற ஆள். இந்த வேலையில் பதினெட்டு வருடம் ஆகிறது. மல்டிகாஸ்ட் தினமும் கையில் வருகிற விஷயம் இல்லை. வந்தபோதெல்லாம் நன்றாக அலைக்கழித்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

முதலில் ஒன்றை மனதில் மாற்றிக்கொள்ள வேண்டும். சாதாரண ரவுட்டிங்கில் அனுப்புகிறவர் இலக்கைச் சொல்கிறார், ரவுட்டர் அந்தத் திசையில் தள்ளுகிறது. மல்டிகாஸ்டில் பாதை கேட்கிறவரிடமிருந்து தொடங்கி அனுப்புகிறவரை நோக்கிப் போகிறது. உங்கள் டியூட்டரியிலேயே உதாரணம் இருக்கிறது. சேர் டியூட்டை ஒரு பிரதிதான் எழுதுகிறார். மேல்மாடியில் எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று அங்கே நிற்கிற பொடியன் பார்த்து, கீழே வந்து "மேலேயும் வேணும்" என்கிறான். ஒரு பிரதி மேலே போகிறது. போட்டோகொப்பி அங்கேதான் அடிக்கப்படுகிறது. மேலே யாருமே கை தூக்கவில்லை என்றால் ஒரு தாளும் படியேறாது. அந்தக் கை தூக்கல்தான் ஐஜிஎம்பி. அதை ஒரு ரவுட்டர் மற்ற ரவுட்டருக்குச் சொல்வதற்கு இரண்டு வழி இருக்கிறது: பிம் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிப் பாதையை அமைக்கிற முறை), அல்லது ஐஜிஎம்பி புரொக்சி (டிவிப் பக்கக் கை தூக்கலை ரவுட்டர் தன் கையாகத் தூக்கிக் காட்டுகிற முறை). பிங் போகிறது என்பது படிக்கட்டு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. கை தூக்கியது கீழே வந்து சேர்ந்ததா என்பதை அது சொல்லாது.

ஆகவே பிழை தேடும்போதும் டிவிப் பக்கத்திலிருந்து தொடங்கி என்கோடரை நோக்கி வாருங்கள். அதிகம் பேர் என்கோடரில் தொடங்கி இறங்கி வருகிறார்கள், நடுவில் எங்கேயோ தொலைகிறார்கள்.

இருந்தும் என்கோடரில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே பாருங்கள்: டிடிஎல். ஒவ்வொரு ரவுட்டரும் அந்த எண்ணில் ஒன்றைக் குறைக்கும். மல்டிகாஸ்டுக்கு இயங்குதளங்கள் இயல்பாக வைக்கிற டிடிஎல் 1. இது 1989இல் ஸ்டீவ் டீரிங் எழுதிய ஆர்எஃப்சி 1112 என்ற இணைய நியமத்தின் காலத்திலிருந்து வருகிற வழக்கம், தவறிப்போய் உலகம் முழுக்கப் பரவிவிடக் கூடாது என்பதற்காக. 1 உடன் புறப்பட்ட பாக்கெட் முதல் ரவுட்டரிலேயே செத்துவிடும். நீங்கள் சொன்ன அறிகுறி, அதாவது அதே வலையில் ஓடுகிறது, ரவுட்டரைத் தாண்டினால் இல்லை என்பது, இதோடு அச்சாகப் பொருந்துகிறது. என்கோடரின் அமைப்புப் பக்கத்தில் டிடிஎல் என்றோ ஹொப் லிமிட் என்றோ ஒரு பெட்டி இருக்கும். 16 போடுங்கள். ரவுட்டர் எல்லாம் சரியாக இருந்தும் இந்த ஒரு எண்ணால் ஒரு முழு நாளைத் தொலைத்தவன் நான், அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

அடுத்தது முகவரி. 239இல் தொடங்குகிறவை சொந்த வலைக்குள் பாவிப்பதற்கு ஒதுக்கியவை, அந்த அளவில் உங்கள் தெரிவு சரி. ஆனால் 239.0.0.5 என்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஈதர்நெட்டில் மல்டிகாஸ்ட் முகவரி மேக் முகவரியாக (சுவிட்ச் பார்க்கிற வன்பொருள் முகவரி) மாறும்போது கடைசி 23 பிட்டுகள் மட்டுமே போகின்றன. 32 குழு முகவரிகள் ஒரே மேக் முகவரியில் விழும். 239.0.0.5உம் 224.0.0.5உம் சுவிட்ச்சின் கண்ணுக்கு ஒன்றுதான். 224.0.0 வரிசை ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசுகிற வரிசை. ஸ்னூப்பிங், அதாவது யார் கை தூக்கினார்கள் என்று பார்த்து அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்புவது, செய்கிற சுவிட்ச்சும் அதை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். மேக் முகவரியை வைத்துப் பிரிக்கிற சுவிட்ச் என்றால் உங்கள் வகுப்புப் படமும் சேர்ந்து எல்லாப் போர்ட்டுக்கும் போகும், வைஃபை பெட்டிகள் உட்பட. வைஃபையில் மல்டிகாஸ்ட், 'கிடைத்தது' என்ற ஒப்புதல் இல்லாமல், மிகக் குறைந்த வேகத்தில்தான் காற்றில் போகும். கேள்வியின் கடைசியில் "வகுப்பு நேரத்தில் வைஃபையும் மெதுவாகிறது" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே, இதுவாக இருக்கலாம். முகவரிக் கணக்கு நிச்சயம். உங்கள் வைஃபை மெதுவாவதற்கு அதுதான் காரணமா என்பது என் ஊகம். சுவிட்ச்சில் ஸ்னூப்பிங்கே போடாமல் இருந்தாலும் இதேதான் நடக்கும். 239.10.10.5 என்று மாற்றுங்கள், சுவிட்ச்சுகளில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கைப் போடுங்கள். மாற்றியபின் வைஃபை சீரானால் என் ஊகம் சரி.

இனி ரவுட்டர். இரண்டே ரவுட்டர், ஒரே ஒரு மூலம், வளையம் இல்லாத நேர் பாதை. இதற்குப் பிம் வேண்டாம் என்பது என் தீர்ப்பு. பிம் ஸ்பார்ஸ் மோட் பெரிய வலைகளுக்கு அருமையானது. ஆனால் ஆர்பி என்கிற சந்திப்புப் புள்ளியைத் தெரிவுசெய்து எல்லா ரவுட்டரிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும், மூலம் இருக்கிற இன்டர்ஃபேஸ், நடு இணைப்பு, கேட்கிறவர் பக்கம் எல்லாவற்றிலும் போட வேண்டும். ஒன்று விடுபட்டாலும் சத்தமில்லாமல் நின்றுவிடும். நான் கண்ட பிம் பிழைகளில் பாதி, கேட்கிறவர் பக்கம் போட்டுவிட்டு மூலத்தின் பக்கம் போட மறந்ததுதான். உங்களுக்கு ஐஜிஎம்பி புரொக்சி போதும். மைக்ரோடிக்கின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7இல் அது உள்ளேயே இருக்கிறது. 6ஆம் பதிப்பு என்றால் மல்டிகாஸ்ட் பொதியைத் தனியாக ஏற்ற வேண்டும்.

மைக்ரோடிக்கை அமைக்கிற மென்பொருளான வின்பாக்ஸில் ரவுட்டிங் பட்டியலுக்குள் ஐஜிஎம்பி புரொக்சி என்று இருக்கும். அதில் இன்டர்ஃபேஸ்களைச் சேர்க்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் அப்ஸ்ட்ரீம் என்ற பெட்டியில் சரி போட வேண்டும். ஆக்கள் வழுக்கி விழுகிற இடம் இது. அப்ஸ்ட்ரீம் என்றதும் இன்டர்நெட் பக்கம் என்று கை தானாகப் போகும். இங்கே அப்ஸ்ட்ரீம் என்றால் படம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம். முன் கட்டட ரவுட்டரில் அது என்கோடர் இருக்கிற 192.168.10 வலை; பின் கட்டடத்துக்குப் போகிற இணைப்பு டவுன்ஸ்ட்ரீம். பின் கட்டட ரவுட்டரில் முன் கட்டடத்திலிருந்து வருகிற இணைப்பு அப்ஸ்ட்ரீம், டிவிகள் இருக்கிற 192.168.20 டவுன்ஸ்ட்ரீம். இன்டர்நெட் போர்ட்டை இரண்டிலும் இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.

பின் கட்டட ரவுட்டரில் இன்னொரு படி உண்டு. புரொக்சி தன் அப்ஸ்ட்ரீமோடு நேரடியாக ஒட்டியிருக்கிற வலையிலிருந்து வருகிற படத்தை மட்டுமே இயல்பாக ஏற்கும். உங்கள் என்கோடரோ ஒரு ரவுட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே அந்த அப்ஸ்ட்ரீம் வரியில் ஆல்டர்னேட்டிவ் சப்நெட்ஸ் என்ற இடத்தில் 192.168.10.0/24 என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் படம் வாசல்வரை வந்து வாசலிலேயே வீசப்படும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

பின் கட்டடத்துத் தனி இன்டர்நெட் இணைப்பு இந்த இடத்தில் முக்கியமா என்றால், புரொக்சியில் இல்லை, பிம்மில் முக்கியம். பிம் ஆர்பிஎஃப் என்று ஒரு சோதனை செய்யும்: இந்த மூலத்துக்குத் திரும்பிப் போவதென்றால் நான் எந்த இன்டர்ஃபேஸால் போவேன், படம் அதே இன்டர்ஃபேஸால்தான் வந்ததா என்று பார்க்கும். இல்லையென்றால் வீசிவிடும். 192.168.10க்கு ஒரு ரூட் எழுதாமல், எல்லாம் இன்டர்நெட் பக்கம் போகிறதாக விட்டிருந்தால் இந்தச் சோதனையில் தோற்கும். உங்களுக்குப் பிங் போவதால் ரூட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். பிங்கை எந்தக் கணினியிலிருந்து எந்தப் பக்கம் அடித்தீர்கள் என்று எழுதவில்லை. பின் கட்டடத்திலிருந்து என்கோடருக்கு அடித்துப் பாருங்கள்.

பிறகு ஃபயர்வால். மைக்ரோடிக்கின் இயல்பான விதிகள் லான் (உள்வலை) பட்டியலில் இல்லாத போர்ட்டிலிருந்து ரவுட்டருக்கு வருவதைத் தடுக்கின்றன; வான் (வெளி இணைப்பு) பட்டியலில் இருக்கிற போர்ட்டிலிருந்து உள்ளே கடக்கப் பார்க்கும் புதிய போக்குவரத்தையும் தடுக்கின்றன. பின் கட்டட ரவுட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து, முன் கட்டடக் கேபிளை முதலாவது போர்ட்டில் செருகியிருந்தீர்கள் என்றால் உங்கள் நடு இணைப்பு இன்னும் வான் என்றே இருக்கும். இன்புட் சங்கிலியில் ஐஜிஎம்பியை அனுமதியுங்கள். அதன் புரோட்டோகால் எண் 2. ஃபோர்வர்ட் சங்கிலியில் 192.168.10.0/24இலிருந்து 239.10.10.5க்குப் போகிற யூடிபியை (படம் போகிற போக்குவரத்து வகை) அனுமதியுங்கள். இரண்டு விதியும் தடுக்கிற விதிக்கு மேலே இருக்க வேண்டும். பிம் போட்டிருந்தால் எண் 103ஐயும் திறக்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம் போட்டு, படமும் வந்து, நீங்கள் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் நின்றுபோனால் பதற வேண்டாம். அந்த நேரம்தான் துப்பு. கை தூக்கியவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று குவெரியர் ஒன்று அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருக்கும். ஐஜிஎம்பி நியமத்தின் இயல்பு 125 விநாடிக்கு ஒரு தடவை. இரண்டு தடவை கேட்டும் பதில் இல்லையென்றால், 260 விநாடியில் அந்தக் குழு அழிக்கப்படும். நாலு நிமிடம் சொச்சத்துக்குள் படம் நிற்கிறது என்றால் யாரோ கேட்பதை நிறுத்திவிட்டார்கள், அல்லது கேள்வியோ பதிலோ வழியில் தடுக்கப்படுகிறது. சில தயாரிப்புகள் இந்த நேரத்தைக் குறைத்து வைத்திருக்கின்றன, ஆகவே நிமிடக் கணக்கு அப்படியே பொருந்தாமலும் போகலாம். ஒரே அளவு நேரத்தில் திரும்பத் திரும்ப நிற்கிறதா என்பதைப் பாருங்கள்.

குவெரி விஷயத்தில் புரொக்சிக்கு ஒரு குணம் உண்டு, கவனிக்காமல் விடுவார்கள். டவுன்ஸ்ட்ரீம் பக்கம் அது குவெரி கேட்கிற ரவுட்டர். அப்ஸ்ட்ரீம் பக்கம் அது வெறும் ஒரு கேட்கிறவர், டிவியைப் போல. உங்கள் முன் கட்டட வலையில் ரவுட்டர் கேட்கிறவராக நிற்பதால் அங்கே குவெரி அனுப்ப ஒருவரும் இல்லாமல் போகலாம். சுவிட்ச்சில் ஸ்னூப்பிங் போட்டு, குவெரியரும் இல்லையென்றால், சில நிமிடத்தில் சுவிட்ச் எல்லாரையும் மறந்துவிடும். இவ்வளவு காலமும் ஓடிய முன் கட்டடத்துப் படமும் நிற்கும், "அண்ணை சொன்னதைக் கேட்டு உள்ளதும் போச்சு" என்று நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். அதனால் ஸ்னூப்பிங்கைப் போடுகிற அதே நேரத்தில் அந்த வலையில் ஏதாவது ஒரு சுவிட்ச்சிலோ, மைக்ரோடிக் பிரிட்ஜிலோ மல்டிகாஸ்ட் குவெரியரையும் போடுங்கள். இரண்டு இடத்தில் போட்டாலும் பாதகமில்லை. குறைந்த ஐபி முகவரி உள்ளது அந்த வேலையை எடுத்துக்கொள்ளும், மற்றது ஒதுங்கும்.

இனிச் சோதனை. பின் கட்டடத்தில் ஒரு லாப்டொப்பைக் கேபிளில் செருகி, வைஃபையை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் லாப்டொப் வைஃபை பக்கம் கை தூக்கிவிட்டுக் கேபிள் பக்கம் படம் வரும் என்று காத்திருக்கக்கூடும். இது உண்மையாகவே நடக்கிறது. வீஎல்சியில் குழு முகவரிக்கு முன்னால் @ குறியைப் போட்டுத் திறவுங்கள். உடனே பின் கட்டட ரவுட்டரில் புரொக்சியின் எம்எஃப்சி பட்டியலை (எந்தக் குழுவின் படம் கடந்து போகிறது என்ற பட்டியல்) பாருங்கள். அதில் 239.10.10.5 வந்து, பாக்கெட் எண்ணும் ஏறினால், ரவுட்டர் தன் வேலையைச் செய்கிறது. பிழை லாப்டொப்பின் ஃபயர்வாலிலோ சுவிட்ச்சிலோ இருக்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் ரவுட்டரின் டூல்ஸுக்குள் இருக்கும், போகிற பாக்கெட்டுகளைக் காட்டுகிற டோர்ச்சையோ பாக்கெட் ஸ்னிஃபரையோ நடு இணைப்பில் வைத்துப் பாருங்கள். ஐஜிஎம்பி மேலே போகிறதா? போகிறது, படம் கீழே வரவில்லை என்றால் முன் கட்டடத்துக்குப் போய் இதையே செய்யுங்கள். படம் நடு இணைப்புவரை வந்து பட்டியலில் ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டிவ் சப்நெட்ஸ், இல்லையேல் ஃபயர்வால்.

நடு இணைப்பு கேபிளா, ஃபைபரா, ரேடியோவா என்று நீங்கள் எழுதவில்லை. ரேடியோ என்றால் மேலே வைஃபைக்குச் சொன்னது அதற்கும் பொருந்தலாம்: படம் வரும், ஆனால் சதுரம் சதுரமாக உடையும். சில ரேடியோக்களில் மல்டிகாஸ்டை யூனிகாஸ்டாக (ஒருவருக்கு ஒரு தனிப் பிரதியாக) மாற்றி அனுப்புகிற தெரிவு இருக்கிறது, தேடிப் பாருங்கள். கேபிள் என்றால் வேறு ஒன்று சொல்ல வேண்டும். நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் இதே மாதிரிப் படம் உடைந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் அமைப்புகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கடைசியில் மொட்டைமாடிப் பெட்டிக்குள் ஒரு கேபிள் முனையின் செப்பு பச்சை பிடித்திருந்தது. கடற்காற்று. இணையப் பக்கங்கள் அந்தக் கேபிளிலேயே ஒழுங்காக வந்துகொண்டிருந்தன, ஏனென்றால் தொலைந்த பாக்கெட்டை டிசிபி திரும்பக் கேட்டு வாங்கிவிடும். மல்டிகாஸ்ட் யூடிபியில் போகிறது; தொலைந்தது தொலைந்ததுதான். உவர்மலையும் கடலுக்குத் தூரமில்லை. போர்ட்டின் பிழை எண்ணிக்கையை ஒருக்கால் பாருங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கும் ஒரு பதில். நாலு டிவிக்கு மல்டிகாஸ்ட் தேவைதானா? உங்கள் என்கோடர் 4 எம்பிபிஎஸ் அனுப்புகிறது என்றீர்கள். நாலு டிவியும் தனித்தனியாக யூனிகாஸ்டில் இழுத்தாலும் 16 எம்பிபிஎஸ்தான், கிகாபிட் கேபிளுக்கு அது ஒன்றுமே இல்லை. என்கோடரில் ஆர்டிஎஸ்பி வசதி (கேட்கிறவருக்குத் தனியாகப் படத்தைக் கொடுக்கும் முறை) இருந்து, ஒரே நேரத்தில் நாலு இணைப்பைத் தாங்கும் என்றால், நான் அந்த வழியில்தான் போவேன். மேலே எழுதியதில் பாதி தேவைப்படாது. எத்தனை இணைப்பைத் தாங்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். அறைகள் இருபது முப்பது என்று ஏறும்போது மல்டிகாஸ்டுக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை வகுப்புக்குள் முடிக்க வேண்டும் என்று முதலாளி நெருக்குகிறார் என்று எழுதியிருந்ததால் இதைச் சொல்கிறேன், படிப்பதற்காக மல்டிகாஸ்டைப் போட்டுப் பார்க்க விருப்பம் என்றால் அது வேறு கதை.

கிண்ணியாக் கிளைக்கும் இதையே அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்படியே முடியாது. மல்டிகாஸ்டை இணையம் முழுக்க ஓடவிடும் முயற்சி 1992இல் எம்போன் என்ற பெயரில் தொடங்கியது. ஆனால் பொது இணையத்தில் அது நிலைக்கவில்லை. சேவை நிறுவனங்கள் தங்கள் சொந்த டிவிச் சேவைக்கு உள்ளே பாவிக்கும், வாடிக்கையாளர் அனுப்புகிற மல்டிகாஸ்டைச் சுமக்காது. இரண்டு கிளைக்கும் இடையில் ஜிஆர்இ சுரங்கம் (இணையத்தினூடாக இரண்டு ரவுட்டரை நேரே இணைக்கிற வழி) போட்டால் அதற்குள் போகும். என்றாலும் கிண்ணியாவுக்கு எஸ்ஆர்டி என்ற படம் அனுப்பும் முறையில் ஒரே ஒரு யூனிகாஸ்ட் ஓட்டத்தை அனுப்பி, அங்கே ஒரு சின்னக் கணினியில் வாங்கி, அந்த வலைக்குள் விநியோகிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வழியில் ஏதும் தொலைந்தால் எஸ்ஆர்டி திரும்பக் கேட்டு வாங்கும், மல்டிகாஸ்ட் வாங்காது.

டிடிஎல்லையும் முகவரியையும் மாற்றி, புரொக்சியையும் போட்டபின் இன்னும் கறுப்புத் திரைதான் என்றால், பின் கட்டட ரவுட்டரின் எம்எஃப்சி பட்டியல், ஃபயர்வால் விதிகள், புரொக்சி இன்டர்ஃபேஸ் பட்டியல் மூன்றையும் படம் எடுத்து இதே இடத்தில் போடுங்கள் தம்பி. பொது ஐபியையும் கடவுச்சொல்லையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு பார்ப்பேன்.